கொலை கேஸ்ல அப்பா மகஜர் சாட்சி, சம்மன் வந்திருக்கு, கோர்ட்ல என்ன சொல்லணும்?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா டீக்கடை வச்சிருக்கார். 2022ல எங்க ஊர் வாய்க்கால் ஓரத்துல ஒரு கொலை நடந்துச்சு, போலீஸ் வந்து இடத்தப் பாத்து மகஜர் (சாட்சிங்க முன்னாடி எழுதுற குறிப்பு) எழுதுனப்ப அப்பா கூட நின்னு கையெழுத்து போட்டார். ரெண்டு நாள் கழிச்சு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி இன்னொரு பேப்பர்லயும் வாங்கிட்டாங்க, அது அருவாள் எடுத்த மகஜராம், ஆனா எடுக்கும்போது அப்பா அங்க இல்லவே இல்ல. இப்ப செஷன்ஸ் கோர்ட் சம்மன் வந்திருக்கு. ஸ்டேஷன்ல இருந்து "எழுதிருக்கறத அப்படியே சொல்லிடுங்க"ன்னு போன் வருது, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்புல "ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிடுங்க"ன்னு ஆள் அனுப்புறாங்க. மனுசன் தூங்கறதே இல்ல. அங்க யார் கேள்வி கேப்பாங்க? உண்மையச் சொன்னா அப்பா மேலயே கேஸ் வருமா?

தேனிக்காரன்:
எதுவும் ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டு வந்துரச் சொல்லுங்க ப்ரோ. நமக்கெதுக்கு வம்பு.

கருப்புக்கோட்டு:
தேனிக்காரன் சொல்றத தயவு செஞ்சு கேக்காதீங்க தம்பி. ஞாபகம் இருக்கறத இல்லன்னு சத்தியம் பண்ணிச் சொன்னா அது பொய்ச்சாட்சி, ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு.

அரசு தரப்ப நடத்துறது பிபி, அதாவது அரசு வக்கீல். இன்ஸ்பெக்டரும் உங்கப்பா மாதிரி ஒரு சாட்சிதான், வழக்கமா கடைசில ஏறுவார். செத்தவர் வீட்ல தனியா வக்கீல் வச்சாலும் அவர் பிபிக்கு உதவி பண்ணலாம், அவ்வளவுதான். முதல்ல பிபி விசாரிப்பார், பதிலையும் சேத்து வாயில ஊட்டுற மாதிரி கேக்கக்கூடாது. அடுத்து எதிரி வக்கீல் குறுக்கு விசாரணை. நடுவுல ஜட்ஜ் எப்ப வேணா எது வேணா கேக்கலாம்.

இடத்தப் பாத்து எழுதுனது பார்வை மகஜர். ரத்தக்கறை மண்ணும் சாதா மண்ணும் எடுத்திருப்பாங்க, அப்பா கண்ணால பாத்தத பாத்தபடி சொல்லட்டும். ரெண்டாவதுக்கு "கையெழுத்து என்னுது, ஸ்டேஷன்ல வச்சு போட்டேன், அருவாள எடுத்தத நான் பாக்கல", இது போதும். பிபி உடனே கோர்ட் அனுமதி வாங்கி அவரைப் பிறழ் சாட்சியா (அழைச்ச தரப்புக்கு மாறாச் சொல்ற சாட்சி) வச்சு அவரே குறுக்கு விசாரணை பண்ணலாம், பயப்பட வேண்டாம், அது தண்டனை இல்ல. பிறழ் சாட்சி சொன்னது எல்லாமே அழிஞ்சு போகாது, நம்பற மாதிரி இருக்கற பகுதிய எடுத்துக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் பல தீர்ப்புல சொல்லிருக்கு. அதனால அப்பா பார்வை மகஜர் பத்திச் சொன்னதும் நிக்கும்.

அருவாள் மகஜர் ஏன் இவ்வளவு முக்கியம்னா, போலீஸ்கிட்ட எதிரி குடுக்கற வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது. பழைய சாட்சியச் சட்டம் (2024 ஜூலைல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் இருந்தது) 27வது பிரிவுல ஒரே ஒரு விலக்குதான், அவன் சொன்னத வச்சு ஒரு பொருள் கிடைச்சா அந்தப் பகுதி மட்டும் செல்லும். 1946 டிசம்பர்ல பிரிவி கவுன்சில் (வெள்ளக்காரன் காலத்து கடைசி அப்பீல் கோர்ட்) புலுக்குரி கோட்டையா கேஸ்ல இத தெளிவா பிரிச்சுச்சு, "ஒளிச்சு வச்ச இடத்தக் காட்டுறேன்"ங்கறது செல்லும், "அதால வெட்டுனேன்"ங்கறது செல்லாது. அப்ப, அவன் காட்டிக் குடுத்தத நேர்ல பாத்தேன்னு ஒருத்தர் சொல்றதுல ஒரு மனுசனோட ஆயுள் தண்டனையே தொங்குது. பாக்காதவர் பாத்தேன்னு சொல்லவே கூடாது. வழக்கமா விஏஓவும் அவர் உதவியாளரும்தான் இதுக்குக் கையெழுத்து போடுவாங்க, அவங்களும் சாட்சி லிஸ்ட்ல இருக்காங்களான்னு பாருங்க.

பழைய ஹெட்கிளார்க்:
வக்கீல் சார் சொன்னது சரி. பொருள் பத்தி நான் சொல்றேன், கோர்ட்ல கேஸ் பொருள்களப் பாத்துக்கிட்டவன். கைப்பற்றுனத போலீஸ் ஃபார்ம் 95 போட்டு முதல்ல மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்பணும், அங்க ரெஜிஸ்டர்ல நம்பர் ஏறும், அப்புறம் மாஜிஸ்திரேட் லெட்டரோட தடய அறிவியல் லேப்புக்குப் போகும், ரிப்போர்ட்டோட திரும்பி வரும். இதுல எந்த இடத்துல நாள் இடிச்சாலும் எதிரி வக்கீல் அங்கதான் புடிப்பார், அதுவரை அருவாள் யார் கையில இருந்துச்சு, சீல் இருந்துச்சான்னு. பதில் இல்லன்னா நல்ல கேஸே உடைஞ்சு போயிருக்கு, செத்தவங்க வீட்டு ஜனங்க வராண்டால நின்னு அழுதத பாத்திருக்கேன், மனசு ஆறாது. கோர்ட்ல அருவாளக் காட்டி "இதுதானா"ன்னு கேப்பாங்க. முன்ன பாத்ததில்லன்னா பாத்ததில்லன்னே சொல்லுங்க. உங்க ஊர்லருந்து வந்து போற செலவுக்கு பேட்டா உண்டு, பெஞ்ச் கிளார்க்கிட்ட கேளுங்க.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி சார், ரெண்டு பேருக்கும். அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், இப்பதான் சாப்ட்டார். இன்னொண்ணு, கடை கேமரா ரெக்கார்டிங்கையும் அப்ப பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டுப் போனாங்க. அதுக்கும் கேப்பாங்களா? ஆள் அனுப்புறவங்கள என்ன பண்றது?

கருப்புக்கோட்டு:
கேப்பாங்க. பென் டிரைவ் காப்பின்னா 65பி சர்டிபிகேட் (சாட்சியச் சட்டப்படி எலக்ட்ரானிக் காப்பிக்குக் குடுக்கற சான்று) கட்டாயம், 2020ல அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் உறுதியா சொல்லிடுச்சு. உங்க கேஸ் 2022ங்கறதால பெரும்பாலும் பழைய சட்டம்தான் ஓடும். அப்பா அந்த சர்டிபிகேட்ல கையெழுத்து போடலன்னா பிபிகிட்ட இப்பவே சொல்லுங்க, விசாரணை முடியறதுக்குள்ள கோர்ட் அனுமதிச்சா தாக்கல் பண்ணலாம். கேமரா பதிவாகுற டிவிஆர் பொட்டி இன்னும் கடையில இருந்தா யாருக்கும் குடுக்காதீங்க, அழிக்காதீங்க. மிரட்டிப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கறது தனிக் குற்றம், 2018ல இருந்து சாட்சி பாதுகாப்புத் திட்டமும் இருக்கு, மாவட்ட அளவுலயே மனு குடுக்கலாம். யார் வந்தாங்க, என்னிக்கு வந்தாங்கன்னு எழுதி வச்சு, போன் நம்பரோட பிபி ஆபீஸ்ல குடுங்க. ஸ்டேஷன்ல இருந்து வந்த போனையும் அதுலயே எழுதுங்க.