குளோரின் 3 காட்டுது, ஆனாலும் குளம் பச்சையாகுது. என்ன பண்ணலாம்?

கேள்வி:
வணக்கம். வீட்டு நீச்சல் குளம், 40,000 லிட்டர். சீசன் பூரா மிதவையில டிரைகுளோர்ங்கற குளோரின் மாத்திரைதான் போடறேன். டெஸ்ட் ஸ்ட்ரிப்ல ஃப்ரீ குளோரின் (இன்னும் செலவாகாம இருக்கற குளோரின்) 3 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 3 பங்கு, பிஹெச் 7.4. ரெண்டும் சரியாத்தான் இருக்கு. ஆனா படிக்கட்டு மூலையில கை வச்சா வழவழங்குது, தண்ணியும் லேசா பச்சை அடிக்குது. டைகுளோர்ங்கற குளோரின் பவுடர் கொட்டினா தெளியும், கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடும். ஸ்டெபிலைசர் கட்டம் மட்டும் கடைசி கலர்லயே நிக்குது. குளோரினை இன்னும் ஏத்தணுமா? பசங்க இறங்குற குளம், அதான் கவலை.

பதில் 1:
முதல்ல மிதவையை வெளியே எடுங்க. டிரைகுளோர் எடையில பாதிக்கு மேல சயனூரிக் ஆசிட், அதாவது ஸ்டெபிலைசர். உங்க குளத்துல 200 கிராம் மாத்திரை ஒண்ணு கரைஞ்சா குளோரின் சுமார் 4.5 பிபிஎம் ஏறும், கூடவே ஸ்டெபிலைசர் 2.7 பிபிஎம் ஏறும். குளோரின் வெயில்லயும் அழுக்குலயும் செலவாயிடும். ஸ்டெபிலைசர் ஆவியாகாது, சேர்ந்துக்கிட்டே போகும். டைகுளோர்லயும் அதே கதைதான்.

ஸ்டெபிலைசர் குளோரினைப் பிடிச்சு வச்சு வெயில்லேருந்து காப்பாத்துது. அளவு மீறினா அந்தப் பிடி இறுகி, பாசியைக் கொல்ற வேகம் குறைஞ்சிடும். ஸ்டெபிலைசர் அளவுல 7.5 சதவீதமாவது ஃப்ரீ குளோரின் இருக்கணும். 40-க்கு 3 போதும். 150 இருந்தா 11-க்கு மேல வேணும். உங்க 3 எதுக்கும் காணாது.

பதில் 2:
ஸ்டெபிலைசருக்கு ஸ்ட்ரிப்பை நம்பாதீங்க, அடியில கரும்புள்ளி இருக்கற டியூப்ல டெஸ்ட் பண்ணுங்க. வெளியில வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்னு, டியூபை இடுப்பு உயரத்துல பிடிச்சு, புள்ளி மறையற வரைக்கும் டெஸ்ட் மருந்து கலந்த குளத்துத் தண்ணியை கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். அளவு 100-ஐ தொட்டா, குளத்துத் தண்ணியும் குழாய்த் தண்ணியும் சரிபாதி கலந்து திரும்பப் பார்த்து ரெண்டால பெருக்குங்க.

கேட்டவர்:
பாதிக்குப் பாதி கலந்ததுல 80. அப்போ 160! மொத்தத் தண்ணியையும் இறைச்சிடவா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். நிலத்தடி நீர் மேல இருக்கற இடத்துல காலிக் குளம் அப்படியே தரையை விட்டுத் தூக்கிடும். பாதி இறைச்சு நிரப்பினா 80, பம்பை ஓட விட்டு நல்லா கலந்தப்புறம் இன்னொரு பாதி மாத்தினா 40. தண்ணி ஸ்கிம்மருக்கு (மேல்மட்டத் தண்ணியை பம்புக்கு இழுக்கற வாய்) கீழ இறங்கறதுக்கு முன்னாடி ஃபில்டர் பம்பை நிறுத்திடுங்க.

அப்புறம் பிஹெச்சை சரி பண்ணிட்டு திரவ குளோரின். 10 சதவீதம் உள்ளது ஒரு லிட்டர் ஊத்தினா உங்களுக்கு 2.5 பிபிஎம் ஏறும். 16 வரைக்கும் ஏத்தி, சுவரைத் தேய்ச்சுவிட்டு, குறையக் குறைய ஊத்தி அதே அளவுல வச்சிருங்க. சாயங்காலம் இருட்டினப்புறம் அளந்து, காலையில வெயில் விழறதுக்கு முன்னாடி அளங்க. ராத்திரியில குளோரின் 1 பிபிஎம்முக்கு மேல குறைஞ்சிருந்தா பாசி இன்னும் உயிரோட இருக்கு. அது அடங்கி அடித்தளம் பளிச்சுன்னு தெரியற வரைக்கும் பசங்களை இறக்காதீங்க.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. கால்சியம் ஹைப்போகுளோரைட்ங்கற இன்னொரு வகை குளோரின் வாங்கினா, டிரைகுளோர் மாத்திரை இருந்த மிதவையில போடவே போடாதீங்க. ரெண்டும் கலந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அள்ளுற கரண்டிகூட தனியா இருக்கட்டும்.

கேட்டவர்:
மிதவையை எடுத்தாச்சு. ஸ்டெபிலைசரை பூஜ்யமாக்கிட்டா இன்னும் நல்லதா?

பதில் 2:
இல்லைங்க. அது இல்லாம நல்ல வெயில்ல பாதி குளோரின் ஒரு மணி நேரத்துக்குள்ளயே போயிடும். 30-லேருந்து 50-க்குள்ள வச்சுக்கோங்க.