சிரித்த பிறகுதான் உறைத்தது

ஒரு கண்காட்சியில் 'கெரில்லா கேர்ள்ஸ்' என்ற பெண் கலைஞர் குழுவின் 1988ஆம் ஆண்டுச் சுவரொட்டியைப் பார்த்தேன். பெண் கலைஞராக இருப்பதில் என்னென்ன அனுகூலங்கள் என்று ஒரு பட்டியல். வெற்றியின் நெருக்கடி இல்லாமல் நிம்மதியாக வேலை செய்யலாம்; எண்பது வயதுக்குப் பிறகாவது பெயர் கிடைக்கலாம். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடன் வந்த தோழி ஓவியர், அவள் சிரிக்கவில்லை. "இதில் ஏழு எனக்கு நடந்திருக்கிறது" என்றாள். பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு இலக்கணம் ஒப்பித்தவன் நான். அது யாரை எங்கே குத்தும் என்பது அன்றுதான் புரிந்தது.

1985இல் நியூயார்க்கில் தொடங்கிய குழு அது. கொரில்லாக் குரங்கு முகமூடி அணிந்துதான் வெளியே வருவார்கள். (கெரில்லா என்ற மறைந்து தாக்கும் போர்முறையையும் கொரில்லாக் குரங்கையும் தமிழில் பலர் ஒரே மாதிரி எழுதுவதால் சிலேடை நமக்கு இலவசம்.) 1989இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குள் போய் எண்ணினார்கள்: நவீன கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள். பெண்கள் உள்ளே நுழைய ஆடையைக் களைய வேண்டுமா என்று சுவரொட்டியில் கேட்டார்கள். அதன் பிறகு எந்தக் காட்சிக்கூடத்துக்குப் போனாலும் எண்ணும் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

*

மேலே எழுதியவருக்குத் தோழி கிடைத்தாள். எனக்கு அந்தத் துணையும் இல்லை, தனியாகவே மாட்டிக்கொண்டேன்.

கொலம்பஸ் பயணத்தின் 500ஆம் ஆண்டான 1992இல் கோகோ ஃபுஸ்கோ, கியர்மோ கோமெஸ் பெஞ்ஞா என்ற இரு நிகழ்த்துகலைக் கலைஞர்கள் கூண்டுக்குள் அமர்ந்து, யாரும் கண்டறியாத தீவின் பழங்குடியினராக நடித்தார்கள். புல்லாடைக்காரி கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தாள்; கூண்டுக்குள் தொலைக்காட்சி வேறு. காசு போட்டால் ஆட்டம், கதை, புகைப்படம். இத்தனையும் பார்த்த பிறகும் பலர் உண்மை என்றே நம்பினார்கள். ஆவணப்படத்தில் அந்த முகங்களைப் பார்த்து, இவ்வளவு ஏமாளிகளா என்று சிரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் என் பழைய பயணப் படங்கள் நினைவுக்கு வந்தன. வழிகாட்டி கைகாட்டியதும் ஒரு மலைக்குடி மூதாட்டியை, கேட்காமலே, பதினோரு முறை படமெடுத்திருக்கிறேன். படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன்.

*

இருவரும் நகைச்சுவை ஜெயித்த கதையையே சொல்கிறீர்கள். தோற்ற கதையும் உண்டு. 2018இல் லண்டனில் ஏலம் முடிந்த அதே நொடியில் தெரு ஓவியர் பாங்ஸியின் படம், அவரே படச்சட்டத்துக்குள் ஒளித்துவைத்திருந்த கருவியில் பாதி கிழிந்தது. ஏலச் சந்தைக்கு நல்ல சூடு என்று கைதட்டினோம். அந்தக் கிழிசலே 2021இல் 1.85 கோடி பவுண்டுக்கு மேல் விலைபோனது. கிழியுமுன் கிடைத்ததைப் போலப் பல மடங்கு.

என் கதை சிறியது. நான் பொழுதுபோக்காகக் கேலிச்சித்திரம் வரைபவன். எங்கள் மேலதிகாரியைச் சிம்மாசனத்தில் உட்கார்த்தி, ஊழியர்களைப் படிக்கட்டுகளாக வரைந்தேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவரோ பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தம் அறையில் மாட்டிக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் "நம் பையன் வரைந்தது" என்கிறார்.

*

அடுத்ததாக அவர் அறையை வரையுங்கள். அந்தப் படம் சுவரில் தெரிய வேண்டும். அதைப் பெருமையாகக் காட்டும் அவர் விரலும் தெரிய வேண்டும். இதையும் மாட்டுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.