ஸ்னாக் லிஸ்ட் (கட்டடத்தை ஒப்படைக்கும் முன் எடுக்கும் குறைப் பட்டியல்): பனி வேர்வையையும் கசிவையும் ஏஐ பிரிக்க மாட்டேன் என்கிறது

சைட் கோத்தகிரி, 14 அறை காட்டேஜ், ஹேண்டோவருக்கு 18 நாள். அறைவாரியாகப் போட்டோவும் வாய்ஸ் நோட்டும் ஏஐ சாட்டில் போட்டு, அறை எண், குறை, யார் வேலை, கெடு என எக்செல் ஷீட்டாக வாங்குகிறோம். கதவு உரசல், சுவிட்ச் பிளேட் கோணல் எல்லாம் சுத்தமாக வருகிறது.

தகராறு சுவர் ஈரத்தில்தான். மூடுபனி நாளில் வடக்குச் சுவர் உள்பக்கம் வேர்க்கிறது. அதையும் ஜன்னல் ஓர மழைக் கசிவையும் ஒன்றாக 'லீக்கேஜ்' என்று எழுதி வாட்டர்ப்ரூஃபிங் ஆள் தலையில் கட்டுகிறது.

காலை 7, மதியம் 2 என ஒரே இடத்தை இருமுறை படமெடுத்தோம்; பலனில்லை. ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விட்டால் விடை தெரிகிறது: அறைப் பக்கம் நீர் கோர்த்தால் வேர்வை, சுவர்ப் பக்கம் என்றால் ஓதம் (சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம்). அதுவரை 'உறுதியாகவில்லை' என்று நிறுத்தச் சொன்னால், 20 படம் தாண்டியதும் மறந்துவிடுகிறது. அறைக்கொரு சாட் திறந்தால் வரிசை எண் மறுபடி 1, பொதுச்சுவர் விரிசல் இரண்டு முறை பதிவாகிறது (மேஸ்திரி இரண்டுக்கும் கூலி கேட்கிறார்).

அறைக்கொரு சாட் வைத்தும் எண் உடையாமல், சோதனை முடிவு ஏறிய பிறகே காரணம் எழுதும்படி ஷீட்டை எப்படி அமைத்திருக்கிறீர்கள்?