புதுப்பிப்பு: கிளிநொச்சியில இருந்து நெடுந்தீவு, போய்ட்டு வந்திட்டம்

சின்னப் பிள்ளையளோட ஒரே நாளில யாழ்ப்பாணத்துக்கு அங்கால கடலுக்க இருக்கிற நெடுந்தீவு போய்ட்டு வரலாமோ எண்டு கேட்டிருந்தன், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. வரலாம். ஏ9 றோட்டால சுத்தாம பூநகரி, சங்குப்பிட்டிப் பாலத்தால போங்கோ எண்டு ஒரு அண்ணா சொன்னதுதான் கைகுடுத்தது, விடியக் கருக்கலில வெளிக்கிட்டு குறிகட்டுவான் துறையில காலமைப் படகைப் பிடிச்சிட்டம், கடலில ஒரு மணித்தியாலம் மட்டில. இறங்கினதும் ஆட்டோவை முழுச் சுற்றுக்கும் பேசி எடுங்கோ, குதிரை நிக்கிற வெளி, பெருக்குமரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கோட்டை எல்லாம் தள்ளித் தள்ளி. எதிர்பாக்காதது வெயில், வன்னி வெயில் பழகின எங்களுக்கே தாங்கேலாமப் போச்சு, தண்ணி கனக்கக் கொண்டு போங்கோ. பிள்ளையளுக்கு குதிரையை விட முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலிதான் பிடிச்சுது, ஏனோ தெரியேல்ல. திரும்புற கடைசிப் படகு நேரத்தை இறங்கேக்கையே துறையில கேட்டு வையுங்கோ.