பழைய நாவல் ஒன்றை ‘நல்ல இலக்கியம்’ என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கல்லடிப் பாலம்:
எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்நேரம் நாலு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் கதைக்கிறது வழக்கம். போன கிழமை ‘மோபி டிக்’, ஹெர்மன் மெல்வில் எழுதின திமிங்கில வேட்டை நாவல். உயர்தரம் படிக்கிற தங்கச்சி ஒருத்தி புதிதாக வந்திருந்தாள், ஆங்கிலம் நன்றாக வரும், முழுவதும் வாசிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டாளாம். “அண்ணன், திமிங்கிலத்தைத் தேடிப் போற கப்பலை நடுக்கடலில நிப்பாட்டிப் போட்டு அந்த ஆள் எலும்பு, எண்ணெய், கயிறு எண்டு பாடம் நடத்துறார். நான் கட்டுரையில இப்படி எழுதினா ரீச்சர் சிவப்புப் பேனையால வெட்டுவா. இதை ஏன் பெரிய இலக்கியம் எண்டுறீங்க?” என்று கேட்டாள். உலகமே ஒத்துக்கொண்ட புத்தகம் என்றேன். “உலகம் எண்டா ஆர்?” என்றாள். நான் பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குள் போய்விட்டேன்.

பழையது, தடித்தது, பரீட்சைக்கு வைத்தது, இதெல்லாம் காரணம் ஆகாது என்று எனக்கும் தெரியும். அப்ப எது? கோட்பாடு வேண்டாம், நீங்கள் வாசித்ததிலிருந்து சொல்லுங்கள்.

வாழைச்சேனைப் பொடியன்:
அந்தத் தங்கச்சி சலித்துப்போன கயிற்று அத்தியாயத்துக்காகவே எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கும். கட்டாரில் இரவு வேலை பார்த்த காலத்தில் வாசித்தேன். அறுபதாம் அத்தியாயம் என்று நினைவு. ஈட்டியோடு கட்டிய கயிற்றைத் தொட்டிக்குள் எப்படிச் சுற்றி வைக்கிறார்கள், அதில் சின்ன முறுக்கு விழுந்தாலும் ஓடும்போது ஆளின் கையையோ காலையோ கொண்டு போய்விடும், அதனால் அதைச் சுற்றுவதற்கே ஒரு காலைப்பொழுதை முழுக்கச் செலவழிக்கிற ஆட்கள் இருந்தார்கள் என்று எழுதியிருப்பார். எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. கரைவலைத் தோணியில் சின்ன வயதில் ஏறினால் அவர் சொல்கிற முதல் சொல்லே “கயித்து வளையத்துக்குள்ள கால் வைக்காதே மனே” என்பதுதான்.

சரி, இது என் வீட்டு ஞாபகம், இதனால் மட்டும் புத்தகம் பெரிதாகிவிடாது. ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு வாருங்கள். அவ்வளவு வன்மத்தோடு திமிங்கிலத்தைத் துரத்திய கப்டன் எப்படிச் சாகிறார்? திமிங்கிலம் கடித்தா? இல்லை. எறிந்த ஈட்டியின் கயிறு சிக்குகிறது, எடுத்துவிடக் குனிகிறார், ஓடுகிற கயிறு கழுத்தில் விழுந்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பக்கத்தில் இருந்தவர்களுக்கே அவர் போனது தெரியவில்லை. ரெண்டு மூன்று வரிதான் வரும். அந்த ரெண்டு வரியை நாங்கள் நம்புவதற்காக எழுபத்தைந்து அத்தியாயத்துக்கு முன்னமே ஆள் கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டார். முதல் தரம் வாசிக்கும்போது வீண் என்று பட்டது ரெண்டாம் தரம் பாரம் தாங்குகிறதா என்று நான் பார்ப்பேன், வேறு அளவுகோல் என்னிடம் இல்லை. ஆனால் எலும்பு அத்தியாயங்கள் எல்லாமே இப்படித் தாங்குகின்றன என்று சொல்ல மாட்டேன், சிலதை நானும் தாண்டித்தான் போனேன்.

படுவான்கரை:
நல்லாய்ச் சொன்னீர்கள், ஆனால் ஒரு இடத்தில் இடிக்குது. அந்த நாவல் வந்தது 1851இல். விற்கவில்லை. எழுதினவர் பிறகு நியூயோர்க்கில் சுங்க உத்தியோகம் பார்த்து 1891இல் செத்துப்போனார், புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தது 1920களில். இடையில் ஒரு எழுத்தாவது மாறினதா? அதே கயிறு, அதே கழுத்து. அப்ப தரம் புத்தகத்துக்குள் இருக்கிறதா, தூக்கிப் பிடிக்கிற ஆட்களிடம் இருக்கிறதா? அந்தப் பிள்ளை கேட்ட “உலகம் எண்டா ஆர்” சரியான கேள்வி.

எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். 1885இல் வந்த ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தோம். எத்தனை பேர் வாசித்தோம்? முதலாவதாக வந்தது என்பது வரலாற்றுச் செய்தி, அதை இலக்கியத் தரத்தோடு குழப்பி வைத்திருக்கிறார்கள். மறுபக்கம் என் அம்மா ‘பொன்னியின் செல்வன்’ நாலு தரம் வாசித்தவ. அதைச் சிலர் வாரப் பத்திரிகைத் தொடர் என்று கழித்து விடுகிறார்கள். ‘குற்றமும் தண்டனையும்’ கூட 1866இல் பத்திரிகையில் தொடராக வந்ததுதானே, அதை மட்டும் ஏன் தள்ளவில்லை? இந்தப் பாகுபாடு எனக்கு எரிச்சல்.

அக்கரைப்பற்று வாசகி:
தொடராக வந்தது குற்றமில்லை தம்பி, அதில் உங்களோடு ஓம். எழுபது வருடம் எவரும் கண்டுகொள்ளாததைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆட்கள் தூக்கிப் பிடித்தார்கள், சரி, ஆனால் பிடித்துத் தூக்க அதில் ஒரு கைபிடி இருந்திருக்க வேண்டுமே. அதே காலத்தில் விற்காமல் போன மற்றப் புத்தகங்கள் அப்படியே கிடக்கின்றன. ஆனால் அப்படிக் கிடக்கிறதில் எத்தனை நல்லது இருக்கோ என்பதும் ஒரு கேள்விதான், அது எனக்கும் உறுத்துது.

என் அளவுகோல் வேறு. விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ வாசித்தபோது முதல் சந்தோசம் எங்கள் அக்கரைப்பற்றுச் சந்தையும் எங்கள் கதையும் அச்சில் வந்ததுதான். ஒரு மாதம் கழித்து யோசித்தேன், இது சொந்தப் பெயரைப் பேப்பரில் பார்க்கிற சந்தோசம் மட்டுமா? ‘மறுகா’, ‘கிறுகி’ என்கிற எங்கள் ஊர்ப் பேச்சுச் சொற்களைப் பக்கத்துக்குப் பத்துத் தரம் போட்டால் இலக்கியம் வந்துவிடாது, அப்படிப் போட்டு எழுதினதையும் வாசித்திருக்கிறேன், வேண்டாம். அந்த நாவலில் என்னைப் பிடித்து வைத்தது, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வியாபாரம் செய்கிற இடத்தில், யாரை வெறுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தராமல் விட்டதுதான். எழுதுகிறவர் தனக்குப் பிடிக்காத ஆளுக்கும் ஒரு நியாயம் பேச இடம் விடுகிறாரா என்றுதான் எந்த நாவலிலும் தேடுவேன்.

மற்றது, முடிவு தெரிந்த கதை. வைகாசியில் அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை படிக்கிறார்களே, கோவலன் வெட்டுப்படப் போகிறான் என்று தெரியாத ஒரு குஞ்சு குருமான் கூட அங்கே இல்லை. இருந்தும் அந்தக் கட்டம் வருகிறபோது கிழவிமார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார்கள். அடுத்தது என்ன என்ற ஆவல் ஒரு தரத்தோடு செத்துப்போகும். அது செத்த பிறகும் ஆட்கள் வருகிறார்களா என்று பாருங்கள். உங்கள் அம்மா நாலு தரம் வாசித்தவ என்றால் அந்தப் புத்தகத்தைக் கழிக்க நான் ஆளில்லை, ஆனால் நாலாம் தரம் எந்த இடத்தை வாசித்தவ என்று கேட்டுப் பாருங்கள்.

படுவான்கரை:
கேட்டேன். சண்டை, சதி எல்லாம் தாண்டிப் போய்விடுவாவாம். ஓடக்காரி பூங்குழலி வருகிற இடங்கள் மட்டும்தானாம். யோசிக்க வைச்சிட்டீங்க அக்கா.

கல்லடிப் பாலம்:
எல்லாருக்கும் நன்றி. தங்கச்சிக்குக் கயிற்று அத்தியாயத்தையும் கடைசி மூன்று அத்தியாயத்தையும் மட்டும் வாசிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நடுவில் உள்ளதை அவள் விரும்பினால் வாசிக்கட்டும். வாழைச்சேனைத் தம்பி, வாற ஞாயிறு உங்கள் அப்பாவைக் கூட்டி வர ஏலுமா? கயிற்றைப் பற்றி அவரே சொன்னால் நல்லம்.

வாழைச்சேனைப் பொடியன்:
கேட்டுப் பார்த்தேன் அண்ணன். “கதைக்க மாட்டன், பிளேன்ரீ குடிக்க வாறன்” என்கிறார்.