எஸ்எஸ்எல் ஷட்டவுன் 0 தருது, இது எரரா?

பனி_பெட்டி:
ஊட்டி கிட்ட தலைகுந்தா பக்கம் ஒரு கேரட் தோட்டத்துல டெம்பரேச்சர் பாக்க சின்ன பெட்டி ஒண்ணு வச்சிருக்கேன், பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா சிம் வழியா டிஎல்எஸ் 1.3-ல (என்கிரிப்ட் பண்ண கனெக்ஷன்) சர்வருக்கு ரீடிங் அனுப்பும், சி-ல எழுதுனது, ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 லைப்ரரி, நான்-பிளாக்கிங் (காத்திருக்காம உடனே திரும்பற) சாக்கெட். அனுப்பி முடிச்சு, கனெக்ஷனை முடிக்கற எஸ்எஸ்எல் ஷட்டவுன் ஃபங்க்ஷனை கூப்பிட்டா 0 வருது, சரி எரர் போலன்னு 1 வர்ற வரைக்கும் வொய்ல் லூப்ல போட்டுட்டேன். நேத்து விடியக்காலம் சிக்னல் போச்சு, லூப்லயே மாட்டி சிபியு 100-ல நின்னு பேட்டரி காலி. காலைல போய் பாத்தா செடி மேல வெள்ளையா பனி உக்காந்திருக்கு, என்கிட்ட ரீடிங்கே இல்ல. பேசாம சாக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டா போதுமா? அப்படி ஒருவாட்டி பண்ணப்ப சிக்னல் நல்லா இருந்தும் சில ரீடிங் போய்ச் சேரல, அது ஏன்னும் புரியல.

குன்னூர்_மிஸ்ட்:
0 எரர் இல்லீங்க. நம்ம க்ளோஸ் நோட்டிஃபை ('முடிச்சுக்கறேன்'னு சொல்ற மெசேஜ்) கிளம்பிடுச்சு, சர்வரோடது இன்னும் வரல, அவ்ளோதான். அந்த 0-வ எஸ்எஸ்எல் கெட் எரர் (என்ன எரர்னு சொல்ற ஃபங்க்ஷன்) கிட்ட குடுத்து கேக்காதீங்க, இல்லாத தப்ப இருக்குன்னு சொல்லும். மறுபடி கூப்பிட்டா -1, வான்ட் ரீட் (படிக்க டேட்டா இன்னும் வரல) வரும், உங்க லூப் சுத்துனது அங்கதான். சாக்கெட்ல டேட்டா வருதான்னு காத்திருக்கற poll() போட்டு ரெண்டு செகண்ட் பாத்துட்டு வரலைன்னா விட்டுடுங்க.

கொடை_நைட்ஷிப்ட்:
ரீடிங் தொலையறதுக்கு காரணம் வேற. 1.3-ல ஹேண்ட்ஷேக் முடிஞ்சப்புறம் சர்வர் செஷன் டிக்கெட் (அடுத்தவாட்டி சீக்கிரம் கனெக்ட் ஆக) அனுப்பும், ஓப்பன்எஸ்எஸ்எல் சர்வர்னா வழக்கமா ரெண்டு. நீங்க எழுதறதோட சரி, ரீடே பண்றதில்ல, அது பஃபர்லயே கிடக்கும். படிக்காத டேட்டாவோட சாக்கெட்டை மூடுனா கெர்னல் ஆர்எஸ்டி (கனெக்ஷனை பட்டுன்னு அறுக்கற பாக்கெட்) அனுப்பும், சர்வர் இன்னும் எடுக்காத உங்க ரீடிங்கும் அதோட போயிடலாம். நானும் இதுல ரெண்டு நாள் மண்டை காஞ்சவன்தான். சர்வர்ல இருந்து ஒரு 'ஓகே' அனுப்ப வைங்க, அதை எஸ்எஸ்எல் ரீட்ல படிச்சா டிக்கெட்டும் சேர்ந்தே காலியாயிடும், அப்புறம் ஷட்டவுன் ஒரே தடவை, 0 வந்தாலும் க்ளோஸ் பண்ணிக்கலாம்.
ஆனா அந்த ஒரு தடவையும் விட்டுடாதீங்க. டிசிபி ஃபின்-ஐ ('இனி டேட்டா இல்ல'ன்னு சொல்ற பாக்கெட்) நடுவுல இருக்கறவன் யார் வேணா போட முடியும், க்ளோஸ் நோட்டிஃபை இல்லாம சர்வருக்கு டேட்டா முடிஞ்சுதா பாதில அறுத்தாங்களான்னு தெரியாது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-ல அது அன்எக்ஸ்பெக்டட் இஓஎஃப் (எதிர்பாராம முடிஞ்சுது)-னு எஸ்எஸ்எல் எரராவே வரும், 1.1.1-ல சிஸ்கால் எரர், எர்னோ 0.

குன்னூர்_மிஸ்ட்:
இன்னொண்ணு, எஸ்எஸ்எல் எரரோ சிஸ்கால் எரரோ வந்துட்டா ஷட்டவுன் கூப்பிடவே கூடாது, நேரா எஸ்எஸ்எல் ஃப்ரீ (மெமரியை விடற ஃபங்க்ஷன்).

பனி_பெட்டி:
டிக்கெட்டேதாங்ணா! 'ஓகே' படிக்க வச்சேன், சாயங்காலத்துல இருந்து ஒண்ணு கூட விடல. விடியக்காலம் சிக்னல் போறப்பதான் மிச்சம் தெரியும், அலாரம் நாலு மணிக்கு வச்சிருக்கேன்.