எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் போன்ற புழுக்கள், தளிர் எல்லாம் போகிறது: என்ன செய்வது?

கொடிமுல்லை:
தொட்டியில் வளரும் எலுமிச்சைக் கன்று, முழங்கால் உயரம்தான் இருக்கும். இப்போதுதான் நிறையத் தளிர் விட்டது. அதற்குள் பாதித் தளிர்களில் நடுநரம்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது. மற்ற இலைகளில் ஓரத்திலிருந்து வளைவு வளைவாகக் கடித்த தடம். இலைகளின் மேல் கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலச் சில இருந்தன. துடைக்கப் போனால் ஒன்று நகர்ந்தது! தண்டில் விரல் நீளத்துக்குப் பச்சைப் புழு ஒன்றும் இருக்கிறது. குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டை போன்ற கொம்பை நீட்டியது, கூடவே கெட்ட வாடை. இவை இரண்டு வகைப் பூச்சிகளா? கொட்டுமா? கன்றைக் காப்பாற்ற வேண்டும், உதவுங்கள்.

பசுந்தழை:
இரண்டும் ஒன்றேதான், பயப்பட வேண்டாம். எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் புள்ளிகளும், பின்சிறகின் உள்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளியும் உள்ள பெரிய பூச்சியைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். கொட்டாது, அரிப்பும் தராது. அந்தக் கொம்பு எறும்பையும் சிலந்தியையும் விரட்டத்தான். நம் கைக்கு வாடை ஒட்டுவதோடு சரி.

எச்சம் போன்ற தோற்றம் இளம்புழுவின் வேடம். இலையின் மேற்பரப்பில் வெட்டவெளியில் அசையாமல் கிடந்தாலும் பறவைகள் எச்சம் என்று எண்ணி விட்டுவிடுகின்றன. புழுவுக்கு ஐந்து வளர்நிலைகள். நான்கு நிலை வரை இந்த வேடம். ஐந்தாவதில் உடல் பருத்துவிடுவதால் அந்த அளவு எச்சத்தை எந்தப் பறவையும் நம்பாது. அப்போது தோலுரித்துப் பச்சைக்கு மாறி, தழையோடு தழையாகிவிடுகிறது. நீங்கள் தண்டில் பார்த்தது அந்தக் கடைசி நிலை. மொத்தமாகத் தின்னும் இலையில் பெரும்பகுதியை அது இந்த நிலையில்தான் தின்னும். ஆகவே முதலில் பச்சைப் புழுவை அகற்றுங்கள், பிறகு எச்சங்களைத் தேடுங்கள்.

அடுத்து முட்டை. தாய்ப்பூச்சி முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்து, சரியான செடிதான் என்று உறுதியானதும் தளிரில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த தளிருக்குப் பறந்துவிடும். கொத்தாக இடாது, அதனால் ஒவ்வொரு துளிரையும் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும். குண்டூசித் தலை போல வெளிர்மஞ்சளில் இருக்கும். வெயில் காலத்தில் மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். துளிர் விடும் பருவத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்துக் கையால் எடுத்தாலே சின்னக் கன்றுக்குப் போதும்.

வேர்க்கால்:
இத்தனை பொறுமை எதற்கு? நல்ல பூச்சிக்கொல்லியாக ஒருமுறை தெளித்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

பசுந்தழை:
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழங்கால் உயரக் கன்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு புழுக்கள்தான் இருக்கும். அதற்காகத் தெளிக்கும் நஞ்சு முதலில் கொல்வது இந்தப் புழுவின் எதிரிகளை. முட்டைக்குள் முட்டையிடும் மிகச் சிறிய குளவிகள் இருக்கின்றன. புழுவையும் கூட்டுப்புழுவையும் தாக்கும் குளவிகள் வேறு. அவை அழிந்த தோட்டத்துக்குத் தாய்ப்பூச்சி திரும்ப வரும்போது தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கன்றுகள் நிறைய இருந்து கையால் எடுக்க முடியாவிட்டால், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. புழு அதைத் தின்றால்தான் சாகும். சின்னப் புழுக்களிடம் நன்றாக வேலை செய்யும், பெரிய பச்சைப் புழுவிடம் அவ்வளவாக இல்லை. வெயிலில் வீரியம் குறைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும்.

மண்வாசம்:
ஒரு சேர்க்கை. தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொடுத்தால் மென்மையான துளிர் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். பூச்சிக்கும் அது ஓயாத அழைப்பு. அளவாகக் கொடுங்கள். இலைக்குள்ளேயே வெள்ளிக் கோடாக வளைந்து வளைந்து தடம் தெரிந்தால் அது வேறு பூச்சி, இலைத்துளைப்பான். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மரமாகிவிட்ட எலுமிச்சைக்கு இந்தப் புழுவால் பெரிய இழப்பு வராது. நாற்றும் இளங்கன்றும்தான் மொட்டையாகும்.

கொடிமுல்லை:
மிக்க நன்றி. பச்சைப் புழுவும் எச்சங்களுமாகச் சேர்த்து ஒரு டப்பாவில் எடுத்துவிட்டேன். வண்ணத்துப்பூச்சி ஆகப்போகிறது என்று தெரிந்த பின் நசுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் ரோஜாவும் செம்பருத்தியும் இருக்கின்றன, அவற்றில் விட்டுவிடலாமா? இன்னொன்று, தொட்டியின் விளிம்பில் பழுப்பாக ஒரு கூடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஊசியால் குத்தியது போல் ஓட்டை.

பசுந்தழை:
ரோஜாவிலும் செம்பருத்தியிலும் விட்டால் பட்டினியால் செத்துவிடும். எலுமிச்சைக் குடும்பத்துத் தழைதான் அதற்கு உணவு. நாரத்தை, வில்வம், விளா, கறிவேப்பிலை எதிலாவது வளர்ந்த மரம் இருந்தால் அதில் விடுங்கள், மரம் தாங்கும். ஆஸ்திரேலியாவில் இதே இனம் அவரைக் குடும்பச் செடிகளைத் தின்கிறது, ஆனால் நம் புழுவிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கூட்டுப்புழு ஒட்டியிருக்கும் இடத்தைப் பொறுத்துப் பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும். தொட்டி விளிம்பு என்பதால் பழுப்பு. வண்ணத்துப்பூச்சி வெளியேறியிருந்தால் தலைப்பக்கம் பிளந்து, கூடு கண்ணாடித்தாள் போல வெறுமையாக இருக்கும். ஊசித் துளை என்றால் குளவிகள் உள்ளே வளர்ந்து வெளியேறியிருக்கின்றன. உங்கள் தோட்டத்தில் அவை இருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று, இனியும் மருந்து தெளிக்காதீர்கள்.

கொடிமுல்லை:
பக்கத்தில் பெரிய நாரத்தை மரம் ஒன்று இருக்கிறது. இன்று மாலையே கொண்டுபோய் விடுகிறேன்.